மூன்றாம் காலம்: இப்னுந் நஃபீஸும் நோயாளிப் பராமரிப்பின் வரலாறும்

இஸ்லாமிய மருத்துவ வரலாற்றைக் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்பவை. அர்ராஸியில் தொடங்கி, இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலைத் தொட்டு, அஸ்ஸஹ்ராவியின் அறுவைக் கருவிகளை விவரித்து, நுரையீரல் வழியாகச் செல்லும் இரத்த ஓட்டத்தை விளக்கிய இப்னுந் நஃபீஸில் அவை நிறைவுறும். அப்பெயர்களைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதில் தவறேதுமில்லை. ஆயினும் அக்கட்டுரைகளில் எழுப்பப்படாத வினா ஒன்று உண்டு. மருத்துவர் காலையில் வந்து நாடி பார்த்து மருந்தெழுதிச் சென்ற பின், மறுநாள் காலை அவர் திரும்பி வரும் வரை நோயாளியின் அருகில் இருந்தவர் யார்? அவருக்கு நீர் புகட்டியவர், புண்ணைக் கழுவியவர், புரட்டிப் படுக்க வைத்தவர், இரவில் அவருடைய மூச்சைக் கவனித்தவர் யார்?

இன்றைய செவிலியக் கல்லூரிகளில் 'மருத்துவ, அறுவைச் செவிலியம்' என்பது அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. உடல் நோயால் வாடும், அல்லது அறுவைக்கு உட்படும் வயது வந்தோரைப் பராமரிக்கும் முறையை அது கற்பிக்கிறது. அதன் அடிப்படைகளைச் சில வரிகளில் சொல்லிவிடலாம்: நோயாளியை இடைவிடாமல் கவனித்தல், கவனித்ததைப் பதிவு செய்தல், புண்ணிலும் உடலிலும் தொற்று ஏற்படாமல் காத்தல், மூச்சும் உணவும் நீரும் கழிவும் தடையின்றி நடைபெறச் செய்தல், வலியைத் தணித்தல், படுக்கையே ஒரு நோயாகிவிடாமல் தடுத்தல், நோயாளியின் மானத்தைப் பேணுதல், வீடு திரும்பிய பின் அவர் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக் கற்பித்தல். இவ்வடிப்படைகள் இஸ்லாமிய நாகரிகத்தில் எவ்வாறு உருப்பெற்றிருந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நம் முன்னோர் நுண்ணுயிர்களை அறிந்திருக்கவில்லை. கிரேக்கரிடமிருந்து பெற்ற நான்கு உடல்நீர்க் கொள்கையே அவர்களுடைய மருத்துவத்தின் அடித்தளம். குருதி வாங்கலையும் சூட்டுக்கோலால் சுடுவதையும் இன்றைய மருத்துவம் ஏற்காத அளவுக்கு அவர்கள் கையாண்டனர். ஆகவே இன்று உள்ள எல்லாமே அன்றே இருந்தன என்று வாதிடுவது நேர்மையாகாது. ஆனால் நோயின் காரணத்தைத் தவறாக விளங்கிக்கொண்டவரும் நோயாளியைச் சரியாகப் பராமரிக்க இயலும். செவிலியத்தின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் (கி.பி. 625) நடைபெற்ற உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் முகம் காயமுற்றது. அலீ (ரலி) கேடயத்தில் நீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) காயத்தைக் கழுவினார்கள். கழுவக் கழுவக் குருதி பெருகுவதைக் கண்டதும், கழுவுவதை விடுத்து, பாயின் ஒரு துண்டை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்த, குருதி நின்றது என ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. சாம்பலை வைப்பதை இன்று எவரும் பரிந்துரைக்கமாட்டார். ஆனால் அந்நிகழ்வில் உள்ள ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். முதலில் தூய்மை; பின்னர் கவனிப்பு; செய்வது பயன் தரவில்லை எனக் கண்டவுடன் முறையை மாற்றுதல். இன்றைய செவிலியப் பாடம் மதிப்பிடுதல், திட்டமிடல், செயற்படுத்தல், மீண்டும் மதிப்பிடுதல் எனப் படிப்படியாகச் சொல்வது இவ்வொழுங்கையே.

போர்க்களங்களில் நீர் புகட்டவும் காயமுற்றோரைக் கவனிக்கவும் பெண்கள் சென்றதை ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி), உம்மு அதிய்யா (ரலி) ஆகியோரின் அறிவிப்புகள் தெரிவிக்கின்றன. உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களில் இப்பணியை ஆற்றியவர்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டின் அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து நரம்பு அறுபட்டது. மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் அவர்கள் கிடத்தப்பட்டார்கள். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரம் அது என்றும், காயமுற்றோருக்கு மருந்திடுவதையும் பார்ப்பாரற்றவர்களுக்குப் பணிவிடை செய்வதையும் அவர் தம் கடமையாகக் கொண்டிருந்தார் என்றும் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது நபி (ஸல்) அவர்கள் ஸஅதின் நிலையை விசாரிப்பார்கள் என்பது இமாம் புகாரியின் 'அல்அதபுல் முஃப்ரத்' தரும் செய்தி.

ருஃபைதா (ரலி) குறித்து இன்று வழங்கும் விரிவான வாழ்க்கைக் குறிப்புகளில் பல, தொடக்க கால நூல்களில் இல்லாதவை. அந்நூல்கள் அவருக்கு ஒதுக்கியிருப்பது சில வரிகளே. ஆனால் அச்சில வரிகளிலேயே செவிலியத்தின் சாரம் அடங்கியுள்ளது: நோயாளிக்கென ஓர் இடம், அதற்கெனப் பொறுப்பேற்ற ஒருவர், நாளுக்கு இருமுறை தவறாத விசாரிப்பு.

ஸஅத் (ரலி) அவர்களின் முடிவும் நம் பொருளோடு தொடர்புடையது. அவர்களின் காயம் ஆறிவரும் நிலையில் இருந்தது. பின்னர் ஓர் இரவு அது திடீரெனத் திறந்துகொண்டது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த கிஃபார் குலத்தார், குருதி தங்கள் பக்கம் வழிந்து வருவதைக் கண்டு திடுக்கிட்ட பின்னரே அது தெரிய வந்தது. ஸஅத் (ரலி) அக்காயத்தாலேயே உயிர் துறந்தார்கள். தாம் வேண்டிய ஷஹாதத்தை அவர்கள் அடைந்தார்கள் என்பது நம் நம்பிக்கை. இதில் எவருடைய குறையையும் தேட இடமில்லை. மருத்துவ நோக்கில் இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றே: ஆறிவிட்டதாகத் தோன்றும் காயமே அதிகக் கவனத்தைக் கோருவது. அறுவைக்குச் சில நாட்களுக்குப் பின்னரும் குருதிப்போக்கு நேரலாம் என்று இன்றைய செவிலியர் எச்சரிக்கப்படுவதும், கட்டின் மேற்புறத்தை மட்டும் பாராமல் நோயாளியின் உடலுக்கு அடியிலும் கைவைத்துப் பார்க்கப் பயிற்றுவிக்கப்படுவதும் இதனாலேயே.

வக்ஃபு ஏட்டில் ஒரு கிண்ணம்

கூடாரத்தில் தனியொருவரின் அறமாக இருந்த பணி, பீமாரிஸ்தான்களில் நிறுவனமாயிற்று. 'பீமார்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு நோயாளி என்று பொருள். பீமாரிஸ்தான் என்றால் நோயாளிகளின் இடம். அவற்றில் பணியாற்றிய மருத்துவர்களுள் கிறித்தவரும் யூதரும் கணிசமாக இருந்தனர்.

ஒன்பதாம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு தூலூன் எகிப்தில் நிறுவிய மருத்துவமனையின் நடைமுறையை அல்மக்ரீஸி விவரித்துள்ளார். நோயாளி உள்ளே வந்ததும் அவருடைய உடையும் பணமும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். மருத்துவமனையின் உடையும் படுக்கையும் அவருக்கு வழங்கப்படும். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் அவர் உண்ணும் நிலையை அடைந்தால், உடைமைகளைத் திருப்பித் தந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவர். நோயாளி தேறியதை உண்ணும் ஆற்றலைக் கொண்டு அளந்த அம்முறை எளிமையானது. ஆனால் உணவை நாள்தோறும் கவனிக்கும் ஒருவர் அருகில் இல்லாமல் அம்முறை நடைமுறைக்கு வந்திருக்க முடியாது. அம்மருத்துவமனைக்கும் ஒரு குறை இருந்தது. படைவீரரும் அடிமைகளும் அதில் சேர்க்கப்படவில்லை.

ஹிஜ்ரி 580இல் (கி.பி. 1184) டமாஸ்கஸ் வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், 1154இல் நூருத்தீன் ஸன்கீ நிறுவிய மருத்துவமனையைப் பார்வையிட்டார். நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்குத் தேவையான மருந்து, உணவு ஆகியவற்றின் செலவும் ஏடுகளில் எழுதப்பட்டிருந்தன என்கிறார். அதற்கு முன்னர் கெய்ரோவில் ஸலாஹுத்தீன் அய்யூபியின் மருத்துவமனையைக் கண்ட அவர், அங்கே பெண் நோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்ததையும், அவர்களைக் கவனிக்கத் தனியாகப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டிருந்ததையும் குறித்துள்ளார்.

இவ்வரலாற்றின் உச்சம் மம்லூக் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கட்டி முடித்த மன்ஸூரி மருத்துவமனை. முன்பு டமாஸ்கஸில் நோயுற்றபோது நூருத்தீனின் மருத்துவமனையிலிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்த கலாவூன், தாம் ஆட்சிக்கு வந்தால் அதுபோன்று ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பர். காய்ச்சல், கண்ணோய், வயிற்றுப்போக்கு, அறுவை என நோய்க்கு ஏற்பப் பகுதிகள் பிரிக்கப்பட்டிருந்தன. பெண்களுக்குத் தனியிடம் இருந்தது. எல்லாப் பகுதிகளுக்கும் நீர் பாயும்படி செய்யப்பட்டிருந்தது. செல்வர், ஏழை, அடிமை, சுதந்திரர், ஆண், பெண் என எவருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. தங்கும் நாட்களுக்கு வரம்பு இல்லை. குணமடைந்து செல்வோருக்கு உடை வழங்கப்பட்டது. இறந்தோருக்குக் கஃபனும் அடக்கமும் மருத்துவமனையின் பொறுப்பு.

கலாவூனின் வக்ஃபு ஆவணத்தைப் படிப்போர் வியப்பது அதன் நுணுக்கத்தைக் கண்டே. கட்டில், மெத்தை, தலையணை ஆகியவற்றோடு வெயில் காலத்தில் விசிற ஈச்ச ஓலை விசிறிகளுக்கும் அதில் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கிண்ணத்தில், பிறரோடு கலவாமல், மூடி வைத்து உணவு கொண்டுசெல்ல வேண்டும் என்று அது விதிக்கிறது. நோயாளிகளின் துணிகளைத் துவைக்கவும் இடத்தைத் தூய்மை செய்யவும் தேவைகளை நிறைவேற்றவும், ஆண்களுக்கு ஆண் பணியாளரும் பெண்களுக்குப் பெண் பணியாளரும் ஊதியத்தோடு அமர்த்தப்பட வேண்டும் எனவும் கட்டளையிடுகிறது.

ஒரு பேரரசின் ஆட்சியாளர் தம் அறக்கொடையில் கிண்ணத்தின் மூடியைப் பற்றி எழுதி வைக்கிறார். கிருமிகளைப் பற்றிய அறிவு அவருக்கு இல்லை. ஆனால் நோயாளியின் உணவில் ஈ மொய்க்கக் கூடாது, இன்னொருவரின் எச்சிற்கலம் அவரை அடையக் கூடாது, அவருடைய மானம் குறையக் கூடாது என்னும் அறிவு இருந்தது. அதுமட்டுமன்று. இப்பணிகளை யாருடைய நல்லெண்ணத்துக்கும் விட்டுவிடாமல், சட்டப்படி நிறைவேற்றப்பட வேண்டிய கடமையாக அவ்வேடு ஆக்கியது. மருந்துக்குச் செலவிடுவது போலவே விசிறிக்கும் செலவிட வேண்டும் என்பதே அதன் கொள்கை.

மூன்று காலங்கள்

அதே கெய்ரோவில் வாழ்ந்து, தம் இல்லத்தையும் நூலகத்தையும் மன்ஸூரி மருத்துவமனைக்கே வக்ஃபு செய்துவிட்டு 1288இல் மறைந்தவர் அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ். முந்நூறு பாகங்களாகத் திட்டமிட்டு எண்பதை முடித்ததாகச் சொல்லப்படும் அவருடைய 'அஷ்ஷாமில்' என்னும் மருத்துவப் பெருந்தொகுப்பில் அறுவையின் பொது விதிகளும் இடம்பெற்றுள்ளன. இரத்த ஓட்டம் பற்றிய அவரது கருத்துக்குக் கிடைத்த புகழில் இவ்விதிகள் மறைந்துவிட்டன.

ஓர் அறுவை வெற்றி பெற மூன்று காலங்களிலும் முழுக் கவனம் தேவை என்கிறார் அவர். முதலாவது 'இஃதா', அதாவது நோயாளி தம்மை மருத்துவரிடம் ஒப்படைக்க, மருத்துவர் நோயுற்ற உறுப்பை ஆராய்ந்து முடிவு செய்யும் காலம். இரண்டாவது 'அமல்', கைவேலை நடைபெறும் காலம். மூன்றாவது 'ஹிஃப்ளு', செய்து முடித்ததைப் பாதுகாக்கும் காலம். இம்மூன்றிலும் மருத்துவருக்குள்ள கடமை என்ன, நோயாளிக்குள்ள கடமை என்ன, பணிவிடை செய்வோருக்குள்ள கடமை என்ன என்பதை அவர் தனித்தனியே வகுக்கிறார். நோயாளியை எந்நிலையில் கிடத்த வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

இன்றைய செவிலியப் பாடநூலும் அறுவைப் பராமரிப்பை முன், இடை, பின் என மூன்றாகவே பிரிக்கிறது. அறுவைக்கு முன் நோயாளியின் ஒப்புதலைப் பெறுதல், அச்சத்தைக் களைதல், வயிற்றை வெறுமையாக வைத்தல், ஒவ்வாமைகளைக் கேட்டறிதல். அறுவையின்போது ஆளும் உறுப்பும் சரிதானா எனச் சரிபார்த்தல், உடலைப் பொருத்தமான நிலையில் கிடத்துதல், கருவிகளையும் பஞ்சுத்துணிகளையும் எண்ணி வைத்தல். பின்னர் வருவதே நெடியது.

அறுவைக்கூடத்திலிருந்து வெளிவரும் மருத்துவர் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும் உறவினர் பெருமூச்சு விடுகின்றனர். செவிலியருக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. மயக்கம் தெளியாதவரின் மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்கிறதா? நாடி விரைந்து, இரத்த அழுத்தம் தாழ்கிறதா? அப்படியெனில் உள்ளே குருதி கசிகிறதோ என ஐயுற வேண்டும். சிறுநீர் போதிய அளவு பிரிகிறதா? வலி தணிந்ததா? வலி தணியாதவர் ஆழ்ந்து மூச்சு விடார், இருமார். அதனால் சளி தேங்கி நுரையீரல் அழற்சி வரும். அசையாது கிடந்தால் கால் நாளங்களில் குருதி உறையும். அவ்வுறைவு நுரையீரலை அடைந்தால் உயிரைப் பறிக்கும். முதுகெலும்பின் அடியிலும் குதிகாலிலும் அழுத்தம் நீடித்தால் படுக்கைப்புண் உண்டாகும். ஆகவே நோயாளியைப் புரட்ட வேண்டும், உட்கார வைக்க வேண்டும், இயன்றவரை விரைவில் நடக்க வைக்க வேண்டும். புண்ணைத் தொடுமுன் கை கழுவ வேண்டும். காய்ச்சல், சிவப்பு, வீக்கம், சீழ் ஆகியவற்றை நாள்தோறும் தேட வேண்டும். இவற்றுள் எதுவும் வியக்கத்தக்க செயலன்று. ஆனால் இவற்றுள் ஒன்று தவறினும் சிறந்த அறுவை வீணாகும்.

பணிவிடையில் மானத்தைப் பேணும் நெறி அஸ்ஸஹ்ராவியிடமும் உண்டு. கி.பி. 1000ஐ ஒட்டிக் குர்துபாவில் நிறைவுற்ற 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில், பெண்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல் அகற்றுவதைப் பேசும்போது, தேர்ந்த ஒரு பெண்ணைக் கொண்டு, மருத்துவர் சொல்லச் சொல்ல, அப்பணியைச் செய்விக்க வழி கூறுகிறார். நாணத்தின் காரணமாகப் பெண்கள் சிகிச்சையையே தவிர்ப்பதை அவர் அறிந்திருந்தார். அதற்கு அவர் கண்ட தீர்வு, பெண்ணைப் பயிற்றுவிப்பது.

மறதியும் மீட்பும்

மருத்துவ நூல்கள் நூலகங்களில் பிழைத்தன. பராமரிப்போ வக்ஃபு வருவாயில் வாழ்ந்தது. அறக்கட்டளை நிலங்கள் பிறர் கைக்குப் போனபோது முதலில் மறைந்தவை விசிறியும் கிண்ணமும் பணியாளரின் ஊதியமுமே. 1798இல் பிரெஞ்சுப் படையோடு கெய்ரோவுக்கு வந்த அறிஞர்கள் கண்ட மன்ஸூரி, சீரழிந்த கட்டடமும் மிகச் சில நோயாளிகளுமே.

1832இல் எகிப்தின் முஹம்மத் அலீ பாஷாவும் பிரெஞ்சு மருத்துவர் குளோ பேயும் பெண்களுக்கு மருத்துவப் பணிவிடையும் பேறுகாலப் பணியும் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினர். மாணவியர் கிடைக்கவில்லை. எந்தக் குடும்பமும் மகளை அனுப்ப முன்வரவில்லை. இறுதியில் அடிமைச் சந்தையில் அபிசீனிய, சூடானியச் சிறுமியரை வாங்கிவந்தே முதல் வகுப்பை நிரப்பினர். ருஃபைதாவும் உம்மு அதிய்யாவும் விருப்போடு ஏற்ற பணி, பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு முஸ்லிம் தலைநகரில் விலைக்கு வாங்கப்பட்டோரின் வேலையாயிற்று. நம் வரலாற்றில் நாம் பேசத் தயங்கும் பக்கம் இது.

அடுத்த தலைமுறையில் நவீனச் செவிலியம் உருவானதும் ஒரு முஸ்லிம் நாட்டின் மண்ணிலேயே. கிரிமியப் போரின்போது 1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு வந்திறங்கியது இஸ்தான்புலின் உஸ்குதார் பகுதியில், உஸ்மானிய அரசு பிரிட்டனுக்கு அளித்திருந்த ஸெலிமிய்யே படைமுகாமில். அங்கே வீரர்கள் காயங்களை விடத் தொற்றுநோய்களாலேயே பெருமளவில் மாண்டனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மை செய்த பின்னரே சாவு பெரிதும் குறைந்தது. அப்படிப்பினையைப் புள்ளிவிவரமாக்கி, 1860இல் லண்டனில் பயிற்சிப் பள்ளியாகவும் ஆக்கியது அவர் ஆற்றிய தொண்டு. செவிலியம் அன்றுமுதல் கல்விக்கும் சான்றிதழுக்கும் உரிய தொழிலாயிற்று.

பெயர்கள் எழுதப்படாதவர்கள்

'ஹிஃப்ளு' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. குர்ஆனை நெஞ்சில் காப்பவரை ஹாஃபிள் என மதிக்கிறோம். பெற்றதை இழந்துவிடாமல், நாள் தவறாமல் மீண்டும் மீண்டும் ஓதிக் காப்பதே ஹிஃப்ளு. இப்னுந் நஃபீஸ் அறுவைக்குப் பிந்திய காலத்தை அதே சொல்லால் அழைத்தார். உயிரும் ஓர் அமானிதம். அறுவையால் மீண்ட உயிரை இரவும் பகலும் மீண்டும் மீண்டும் கவனித்துக் காப்பதும் ஹிஃப்ளே.

மன்ஸூரியின் தலைமை மருத்துவர்கள் பலரின் பெயர்களை நாம் அறிவோம். அங்கே கிண்ணத்தை மூடிக் கொண்டுபோன பெண்ணின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இன்றும் நிலை பெரிதும் வேறன்று. நம் வீட்டில் ஒருவர் அறுவை முடிந்து திரும்பினால் மருத்துவரின் பெயரைப் பல்லாண்டு சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு வந்து கட்டை நனைத்த குருதியைக் கண்டு மருத்துவரை எழுப்பிய செவிலியரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டோர் எத்தனை பேர்?

தம் வீட்டுப் பெண்கள் மருத்துவமனையில் இருக்கும்போது பெண் செவிலியரே வேண்டும் என்று வலியுறுத்தும் குடும்பங்கள், தம் மகள் செவிலியம் பயில விரும்பினால் தயங்குவதைக் காண்கிறோம். இரவுப்பணி, அந்நிய ஆடவரைத் தொட்டுப் பணி செய்தல், திருமணச் சந்தையில் மதிப்பு என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றுள் சில ஆராயத்தக்கவை, தீர்வும் உண்டு. ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் எனக் கலாவூனின் ஏடு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு வழியை எழுதி வைத்திருக்கிறது. அவ்வழியில் செல்ல நம்மிடையே பயிற்சி பெற்ற ஆண் செவிலியரும் பெண் செவிலியரும் வேண்டும். அவர்களை உருவாக்க நம் வக்ஃபுகளும் அறக்கட்டளைகளும் மருத்துவப் படிப்புக்கு உதவுவது போலவே செவிலியப் படிப்புக்கும் உதவ வேண்டும்.

பீமாரிஸ்தான்களைப் பற்றிப் பெருமை பேச நமக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை, அவற்றில் விசிறி பிடித்தவர்களின் பணியை நம் வீட்டுப் பிள்ளைகளும் ஏற்கத்தக்க பணியாக நாம் மதிக்கும்போதே முழுமை பெறும்.